தங்கப் பூ பிடித்த தேயிலை

ஓய்வு பெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டால் ஆட்கள் இப்போது கேட்பதெல்லாம் கொரோனாக் காலத்தைப் பற்றித்தான். எத்தனை வீட்டை மூடினீர்கள், யார் சண்டைக்கு வந்தார்கள், பயமாக இருந்ததா. அதில் எனக்குத் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் பட்டதைத்தான் நானும் பட்டேன்.

போன மாதம் றிஸ்வான் கேட்டது வேறு. நான் இருந்த பிரிவில் இப்போது வேலை செய்பவர் அவர். காலையில் தொலைபேசி எடுத்தார்.

“சேர், ஒரு கடையில செங்கல்லு மாதிரி தேயில விக்கிறாங்க. சீனாவுல இருந்து வந்ததாம், உடம்பு மெலியுமாம். உடைச்சுப் பாத்தா உள்ளுக்கு மஞ்சள் புள்ளி புள்ளியா இரிக்கி. பூஞ்சணம்தானே? எடுத்து எரிக்கவா?”

“மணந்து பாத்தீங்களா?”

அவர் மூக்கை இழுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. “நாறல்ல சேர். பழைய ஈச்சம்பழப் பெட்டியத் திறந்த மாதிரி.”

“அப்ப எரிக்க வாணாம். விக்கவும் விட வாணாம். முறைப்படி மாதிரி எடுத்து அனுப்பிட்டு வீட்டுக்கு வாங்க. கொஞ்சம் கதைக்க இரிக்கி.”

அவருக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை. அந்த வேலையில் நேரம் கிடைக்காது என்பதை நான் அறிவேன். ஆகவே கதைக்க நினைத்ததை எழுதி வைக்கிறேன்.

களுத்துறையில் பயிற்சி முடித்து, வெளி மாவட்டங்களில் தேங்கிய தண்ணீரில் நுளம்புக் குடம்பி தேடியும் மலசலகூடக் குழி அளந்தும் சில ஆண்டுகள் போக்கிய பிறகு சொந்தக் கரைக்கே மாற்றலாகி வந்தேன். கற்பிட்டிப் பக்கத்தில் என் கண்ணைப் பழக்கியது கொப்பரா. தேங்காயை உடைத்துக் காயப்போட்ட களத்தில் இரண்டு நாள் மழை பிடித்தால் போதும், பருப்பின் மேல் மஞ்சளும் பச்சையுமாகப் பூஞ்சணம் ஏறிவிடும். அது உண்டாக்கும் நஞ்சு ஈரலைத் தின்னும். காய்ச்சினாலும் வறுத்தாலும் போகாது. ஒவ்வொரு மாரியிலும் நூற்றுக்கணக்கான பாதிக் கொப்பராக்களைக் கையில் எடுத்துப் பிளந்து பார்த்திருக்கிறேன். உணவுப் பொருளில் மஞ்சளைக் கண்டால் மூளை யோசிக்கும் முன்பே கை ஒதுக்கிவிடும்.

அப்போது எங்கள் சுகாதார வைத்திய அதிகாரியாக இருந்தவர் டாக்டர் நந்தனி. சிலாபத்துச் சிங்களப் பெண்மணி, தமிழ் நன்றாகப் பேசுவார். யார் அறைக்குள் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “கை கழுவியாச்சா?” அமைச்சின் ஆள் வந்தாலும் அதுதான். நாங்கள் கொடுக்கும் அறிக்கையில் நடுவே கோடிழுத்திருக்க வேண்டும். இடப்பக்கம் ‘கண்டது’, வலப்பக்கம் ‘நினைத்தது’. அவர் சன்னலருகே நின்றுகொண்டு, வலப்பக்கத்தை ஒரு கோப்பு அட்டையால் மறைத்துவிட்டு, இடப்பக்கத்தை மட்டும் இரண்டு தரம் வாசிப்பார். அதன் பிறகே அட்டையை எடுப்பார்.

“நீங்க நெனச்சத முதல்ல வாசிச்சா, நீங்க கண்டது எனக்குத் தெரியாமப் போகும், மஜீத் மாத்தயா” என்று ஒரு தடவை விளக்கினார். குரல் உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் இரண்டு பக்கத்தையும் கலந்து எழுதியவனுக்கு அறிக்கை அப்படியே திரும்பி வரும்.

அது நல்ல வெயில் காலம். ஒரு வியாழக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, கட்டுமான முகாமொன்றிலிருந்து பதினொரு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். மாம்புரிக்கு அப்பால் கடலோரமாக வெளிநாட்டுக் கொம்பனியொன்று வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்தது. சீனத் தொழிலாளர்களும் நம் ஊர்க் கூலியாட்களும் ஒரே சமையலறையில்தான் சாப்பிட்டார்கள். நோயாளிகளில் இரண்டு பேர் சீனர், ஒன்பது பேர் நம்மவர்கள்.

நான் கட்டில் கட்டிலாகப் போய் எழுதினேன். வாந்தி, தலையிடி. முகமும் கழுத்தும் நெருப்பருகே இருந்தவர் போலச் சிவந்திருந்தன. உடம்பில் தடிப்பு. ஒருவர் வாய்க்குள் மிளகு கடித்ததுபோல எரிகிறது என்றார். எல்லோருக்கும் சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் தொடங்கியிருந்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்குமுன்பே ஒருவர் எழுந்து உட்கார்ந்தார்.

“தேத்தண்ணிதான் சேர். கறுப்புத் தேத்தண்ணி. அந்தச் சீனன் குசினியில பூஞ்சணம் பிடிச்ச தேயில வச்சிரிக்கான். நாங்க கண்ணால கண்டம்.”

மற்றவர்களும் ஆமோதித்தார்கள். நான் முகாமுக்குப் போய்ச் சேர்வதற்குள் இந்தக் கதை எனக்கு முன்னே போயிருந்தது. வாசலில் பத்திருபது பேர் நின்றார்கள். “எரிங்க சேர், எங்கட கண்ணுக்கு முன்னால எரிங்க” என்று ஒருவர் என் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார்.

சமையற்காரர் பெயர் சென். ஐம்பத்தைந்து வயதிருக்கும், குட்டையான ஆள், முன்கையெல்லாம் எண்ணெய் தெறித்த தழும்பு. அவருக்கு வாயாக இருந்தவர் உடப்பு ஊரைச் சேர்ந்த முருகேசு. தாய்வான் மீன்பிடிக் கப்பலில் பல வருடம் வேலை செய்ததால் சீனம் பேச வரும். ஆனால் அது கப்பல் தளத்தில் பொறுக்கிய சீனம். கயிறு, தூண்டில், மீன், ஏச்சு என்று அதற்கு வெளியே போகும்போது முருகேசு தடுமாறுவார்.

களஞ்சிய அறை சுத்தமாகவே இருந்தது. அரிசி மூட்டைகள் பலகை மேல். எலிப் புழுக்கை இல்லை. மேல் தட்டில் மஞ்சள் தாளில் சுற்றிய கட்டிகள், செங்கல்லின் அளவு. ஒன்றை எடுத்துப் பிரித்து ஓரத்தை உடைத்தேன். கன்றிய இலைகளுக்கு நடுவே உடைந்த முகம் முழுதும் மஞ்சள்.

கை தானாகவே அதை ஒதுக்கப் போனது. என் கொப்பராவே தேயிலையாக மாறி வந்து கையில் இருந்ததுபோல இருந்தது.

சென் ஓடி வந்தார். பயந்துபோய்த் தடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அந்த மஞ்சளைத் தொட்டுக் காட்டிப் பெருவிரலை உயர்த்தினார். முகமெல்லாம் பெருமை.

“என்ன சொல்றார்?”

முருகேசு தலையைச் சொறிந்தார். “இது பூவாம் சேர். தங்கப் பூ. பூக் கூடக் கூட நல்ல தேயிலையாம். இதுல பூ நல்லா விழுந்திருக்காம்.”

“பூஞ்சணம் எண்டு தெரியுமாமா அவருக்கு?”

கேட்டார். சென் ஏதோ நீளமாகச் சொன்னார்.

“தெரியுமாம். தெரிஞ்சுதான் பிடிக்க வைக்கிறாங்களாம். எப்பிடிச் சொல்றது... நாங்க மீன ஜாடி போடுவமே, உப்பும் கொறுக்காய்ப் புளியும் போட்டுப் பானையில அடுக்கி மூடி வச்சு, அது மாதிரி தேயிலைய ஜாடி போடுறாங்க சேர்.”

உத்தியோகத்தில் அதுவரை எத்தனையோ சாட்டுக் கேட்டிருக்கிறேன். பழுதானது தனக்குத் தெரியாது என்பார்கள், நேற்றுத்தான் வாங்கினேன் என்பார்கள். பழுதே இதன் சிறப்பு என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்த நேரத்திலும் எனக்குள் ஓர் ஆவல் எழுந்ததை மறைக்கத் தேவையில்லை.

கொம்பனியின் முகாம் பொறுப்பாளர் அங்கேயே நின்றார். கொழும்பு ஆள். “இதுல இவ்வளவு யோசிக்க ஒண்டும் இல்ல” என்றார். “எல்லாத்தையும் எரிச்சிடுங்க. நான் கையெழுத்துப் போடுறன். இந்தக் கிழமையே இந்த ஆள ஊருக்கு அனுப்பிடுறன். வெளியில நிக்கிற சனமும் போயிடும்.”

அதை முருகேசு மொழிபெயர்க்கவில்லை. ஆனால் தன்னைக் காட்டி நீண்ட விரலைப் பார்த்தே சென்னுக்கு விளங்கிவிட்டது. உள்ளே போய் ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து வந்தார். இன்னும் திறக்காத பெட்டி. என் முன்னால்தான் பிரித்தார். அதில் ஆறு சிறிய பொதிகள் தனித்தனி அறைகளில் இருந்தன. சென்னின் மகள் தேயிலைக் கடையொன்றில் வேலை செய்கிறாள், சீனாவின் பல பக்கத்துக் கருந்தேயிலையில் வகைக்குக் கொஞ்சமாகப் போட்டு அனுப்பியிருக்கிறாள் என்று முருகேசு சொன்னார்.

“குடிச்சுப் பாக்கட்டாம் சேர். குடிச்சுப் பாத்திட்டு எரிக்கட்டாம்.”

விசாரணை நடக்கும் இடத்தில் பரிசோதகன் ஒரு வாய் தண்ணீரும் குடிக்கக் கூடாது. மாட்டேன் என்று தலையசைத்தேன். அவர் பெட்டியை என் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

நான் முறைப்படி செய்தேன். உடைத்த கட்டியிலிருந்து மாதிரி எடுத்து மூன்று சம பங்காக்கி, மூன்று போத்தலில் இட்டு, நூல் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தேன். ஒன்று சென்னுக்கு, ஒன்று கொழும்புப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு, ஒன்று எங்கள் பணிமனைக்கு. மிச்சக் கட்டிகளையும் அந்த அட்டைப் பெட்டியையும் ஓர் அலுமாரியில் வைத்துப் பூட்டி, பூட்டின் மேலும் அரக்கு வைத்தேன். அரக்கு காயும்வரை சென் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் டாக்டர் நந்தனியிடம் போனேன். கை கழுவிவிட்டுத்தான் போனேன். அவர் சன்னலருகே நின்று இடப்பக்கத்தை வாசித்தார். மறுபடி வாசித்தார்.

“முகம் சிவப்பு. பதினொரு பேருக்குமா?”

“ஓம் மெடம்.”

“சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்குள்ள.”

“ஓம்.”

அட்டையை எடுத்தார். வலப்பக்கத்தில் ‘தேயிலைப் பூஞ்சணம், கொப்பராவில் உள்ளதுபோல’ என்று எழுதியிருந்தேன்.

“கொப்பரா நஞ்சு ஒரு மணித்தியாலத்துல முகத்தச் சிவக்க வைக்குமா?”

“தெரியாது மெடம்.”

“எனக்குத் தெரியும். வைக்காது.” தாளை என்னிடம் திருப்பித் தந்தார். “தேயிலை கெட்டதா இல்லையா, அது வேற கேள்வி. பதில் கொழும்புலயிருந்து வரட்டும். இவங்களுக்கு என்ன நடந்தது, அது இன்னொரு கேள்வி. நாளைக்கு நோயில்லாதவங்ககிட்டயும் கேளுங்க. யார் எதைச் சாப்பிட்டாங்க, யார் எதைச் சாப்பிடல்ல.”

அடுத்த நாள் காலை முகாமில் மேசை போட்டு உட்கார்ந்தேன். வேலையாட்களை ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டேன். மதியத்துக்குள் ஒன்று தெளிவாகிவிட்டது. நோயாளிகளான நம்மவர்கள் குடித்தது சென்னின் தேயிலையே அல்ல. அதன் மணம் பிடிக்காமல் அவர்கள் பக்கத்தடுப்பில் தாங்களே ஊற்றிய வெறுந் தேத்தண்ணியைத்தான் குடித்திருந்தார்கள். பாலில்லாத நம் சாதாரணச் சாயம். அதைத்தான் ‘கறுப்புத் தேத்தண்ணி’ என்றார்கள். மற்றக் கதையெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒட்டிக்கொண்டது. சென்னின் தேயிலையை மூன்று வேளையும் குடித்த சீனர்களில் பெரும்பாலோருக்கு ஒரு குறையும் இல்லை.

பதினொரு பேரும் பொதுவாகச் சாப்பிட்டிருந்தது சூரை மீன் குழம்பு. அன்று மீன் கொஞ்சமாகத்தான் வந்ததால் முதல் வரிசையில் நின்றவர்களுக்கு மட்டுமே கிடைத்திருந்தது. பிடித்த சூரையை வெயிலில் ஐஸ் இல்லாமல் வைத்தால் தசைக்குள் ஒரு நஞ்சு உண்டாகும். கண் தெளிவாக இருக்கும், மணம் மாறாது, சமைத்தாலும் அது போகாது. முகம் சிவக்கும், வாய் எரியும், ஒரு நாளில் குணமாகிவிடும். டாக்டர் நந்தனி அட்டையால் மறைத்து வாசித்ததும் அதைத்தான் கண்டிருக்கிறார்.

மீன் கொண்டுவந்தவர் யார் என்று சென்னிடம் கேட்டேன். முருகேசு என்னைப் பார்க்காமல் பதில் சொன்னார்.

“ஹனீபா நானாதான் சேர் எப்பவும் குடுக்கிறது.”

நானா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். ஹனீபா என் தங்கையின் கணவர். பள்ளிவாசல்துறையில் மீன் எடுத்துச் சின்ன லொறியில் விற்பவர். நானும் அவரும் ஒரே பள்ளிக்கூடம். தங்கைக்கு அவரை மாப்பிள்ளை பார்த்ததும் நான்தான்.

அவர் வீட்டுக்குப் போனேன். அவர் எதையும் மறைக்கவில்லை.

“எத்தாளையில டயர் வெடிச்சிட்டு மச்சான். மூணு மணித்தியாலம் ரோட்டுல. ஐஸ் எல்லாம் தண்ணியாப் போச்சு. ஆனா நான் ஒவ்வொண்டாப் புரட்டிப் பாத்தன். கண் மங்கல்ல, செவுள் சிவப்பு. நல்ல மீன்தான். என்ட வீட்டுக்கும் அதுலதான் ஒண்டு எடுத்தன்.”

“தின்னீங்களா?”

“புள்ளைகளுக்குக் குடுக்கல்ல. அன்டைக்கு ராத்தாட வீட்டுல சாப்பாடு.” அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கதிரையில் உட்கார்ந்துவிட்டார். “மச்சான், ஆக்களுக்கு ஒண்டும் ஆகல்லதானே?”

பணிமனைக்கு வந்து இதையெல்லாம் இடப்பக்கத்தில் எழுதினேன். கடைசி வரியாக ‘மீன் வழங்கியவர் எனது சகோதரியின் கணவர்’ என்று எழுதினேன். டாக்டர் நந்தனி அந்த வரியில் விரலை வைத்து இரண்டாம் தரமும் வாசித்தார். பிறகு ஹனீபாவின் வாக்குமூலத்தை எடுக்க வேறொரு பரிசோதகரை அனுப்பினார். நான் போகும்போது, “இன்னைக்கு நேரத்தோட வீட்டுக்குப் போங்க” என்றார்.

வீட்டில் தங்கை காத்திருந்தாள்.

“நானா, சனமெல்லாம் தேயிலையத்தானே சொல்லிச்சு. அந்தச் சீனன் எப்பிடியும் ஒரு நாளைக்கு ஊருக்குப் போற ஆள். அவன்ட தேயிலையில போட்டிருந்தா யாருக்கு என்ன நட்டம்? இவர் இந்தக் கரையிலதானே மீன் விக்கணும்?”

அவள் சொன்னது எல்லாம் எனக்கும் தோன்றியதுதான். முதல் நாளே எரித்திருந்தால் கேள்வியே வந்திருக்காது. பொறுப்பாளர் கையெழுத்துப் போடக் காத்திருந்தார், சனம் கைதட்டியிருக்கும். “அவங்க தின்னது மீன், தங்கச்சி” என்று மட்டும் சொன்னேன். அவள் தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டாள்.

ஹனீபா நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பள்ளிவாசலில் எதிர்ப்பட்டால் ஸலாம் சொல்வார். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. நோன்புப் பெருநாளுக்குத் தங்கை பிள்ளைகளை மட்டும் அனுப்பினாள்.

கொழும்பு அறிக்கை வரப் பல வாரம் எடுத்தது. அந்த வாரங்களில் என்னவோ போல அந்த மஞ்சள் என் மண்டைக்குள்ளேயே இருந்தது. என் மகளின் கணினியில் தேடிப் பார்த்தேன். பச்சைத் தேயிலையை ஈரமாகக் குவித்து, நுண்ணுயிர் வேலை செய்ய விட்டு, மாதக்கணக்காகவும் வருடக்கணக்காகவும் முதிர வைப்பதுதான் கருந்தேயிலை. நாம் குடிக்கும் கறுப்புத் தேயிலையைச் சீனர் சிவப்புத் தேயிலை என்பார்களாம். என் வாழ்நாள் முழுதும் ஈரம் ஏறினால் தேயிலை பழுது என்று கடைகளில் பொதியைத் தட்டிவிட்டு வந்தவன் நான். உலகத்தில் ஒரு பகுதி ஈரத்தை வைத்தே தேயிலை செய்கிறது என்பது எனக்குப் பெரிய புதினமாக இருந்தது.

அறிக்கை வந்தது. அனுப்பிய மாதிரியில் நஞ்சு எதுவும் காணப்படவில்லை. நான் மோட்டார் சைக்கிளில் நேரே முகாமுக்குப் போனேன். விசாரணை முடிந்துவிட்டது, இனிக் குடிப்பதற்குத் தடையில்லை என்பதும் மனதில் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அரக்கை உடைத்து அலுமாரியைத் திறந்தேன். சென் கட்டிகளைத் தொடவில்லை. அட்டைப் பெட்டியைத்தான் முதலில் எடுத்தார். பிறகு ஒரு பையிலிருந்து புதுக் கேத்தலும் ஆறு கண்ணாடிக் கோப்பைகளும் வந்தன. கோப்பைகளில் கடை ஒட்டிய விலைத் துண்டு இன்னும் இருந்தது.

“உங்களுக்காகத் தனியா வாங்கினதாம் சேர்” என்றார் முருகேசு. “குசினியில பன்றி இறைச்சி சமைக்கிறதால, இந்தப் பாத்திரம் ஒண்டும் உள்ளுக்குப் போகல்லையாம்.”

அவர் எப்போது அதை வாங்கினார், எத்தனை வாரம் வைத்துக் காத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை. இது போதையேற்றுமா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்று சென் சிரித்தார், பசிதான் ஏறுமாம்.

பொதிகளை வரிசையாக வைத்தார். ஒரு பொதியின் வாய் கிழிந்திருந்தது. உள்ளே மரத்தடியை அரிந்ததுபோல ஒரு வட்டத் துண்டு. அதை மூக்கருகே கொண்டுபோனவர் முகத்தைச் சுளித்து, என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஓரத்தில் சாம்பல் பச்சையாகப் பஞ்சு போல ஏறியிருந்தது. ஊதினால் பறந்தது. பிறகு பூக் கட்டியின் ஒரு துண்டைப் பக்கத்தில் வைத்தார். இந்த மஞ்சள் உலர்ந்தது, ரவையை விடச் சிறிய மணி மணியாக இலைக்குள்ளேயே இருந்தது. விரலில் தேய்த்தாலும் பஞ்சாக எழவில்லை. கிழிந்த பொதியைக் குப்பையில் போட்டுவிட்டு அவர் போய்க் கை கழுவினார்.

நானும் போய்க் கழுவினேன். அந்த மனிதனும் பரிசோதகன்தான் என்று அப்போது எனக்குப் பட்டது. ஆனால் றிஸ்வான், இதை வாசித்தால் கவனியுங்கள்: கண்ணால் பார்த்து மட்டும் விட்டுவிட வேண்டாம். எனக்கும் அந்த அறிக்கை வந்த பிறகுதான் தொண்டையில் இறங்கியது.

மிச்சம் ஐந்து. நான் கொப்பியைத் திறந்து நடுவே கோடிழுத்தேன். சென் ஒவ்வொன்றுக்கும் முதல் கொதிநீரை ஊற்றி உடனே கொட்டிவிடுவார். இரண்டாவது நீரைத்தான் கோப்பையில் வார்ப்பார். நான் குடிக்கும்போது கோப்பையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

முதலாவது உதிரி இலை, அவருடைய சொந்த மாகாணத்தது. ஊசியிலை மரத் தீயில் உலர்த்தியதாம். இடப்பக்கத்தில் ‘புகை’ என்று எழுதினேன். தேங்காய்ப் பொச்சு மட்டைப் புகை போல அது தொண்டையை அறுக்கவில்லை. புகை போன பிறகு ஒரு மெல்லிய இனிப்பு வந்தது. சீனி போடாமல் இனிப்பு எங்கிருந்து வந்தது என்று கோப்பையை ஒரு தரம் திருப்பிப் பார்த்தேன்.

இரண்டாவது தென்மேற்கே யுன்னானிலிருந்து வந்தது. சாயம் மை போல இறங்கியது. பூட்டிக் கிடந்த களஞ்சியத்தை மழைக்குப் பிறகு திறந்த மணம். அந்த மணத்துக்கு நான் எத்தனை அறைகளை மூடியிருக்கிறேன்! மூக்கு வேண்டாம் என்றது. நாக்கில் ஒரு கசப்பும் இல்லை, கஞ்சி போல வழுவழுவென்று இறங்கியது. ‘நினைத்தது’ என்ற பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டேன்.

மூன்றாவது கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பாக்கு” என்றேன்.

“என்ன சேர்?”

“பாக்கு முருகேசு. பாதி காஞ்ச பாக்கு. வெத்திலத் தட்டுல மணக்கிறது.”

அதைச் சீனத்தில் சொல்ல முருகேசுவுக்குச் சொல் தெரியவில்லை. வெளியே போய்க் கூலியாள் ஒருவரிடம் பாக்குச் சீவல் வாங்கி வந்து சென்னின் உள்ளங்கையில் வைத்தார். சென் மணந்தார். கோப்பையை மணந்தார். துள்ளி எழுந்து என்னவோ சத்தமாகச் சொன்னார். அந்தத் தேயிலையின் மணத்துக்கு அவர்கள் நாட்டிலும் பெயர் அதுதானாம். பாக்கு மணம் வந்தால்தான் அது நல்ல சரக்காம். ஒரு காலத்தில் மலாயாவில் ஈயம் தோண்டிய சீனக் கூலிகள் கூடை கூடையாக வாங்கிக் குடித்தது அந்தத் தேயிலைதான் என்றும் சொன்னார்.

நான்காவது குச்சியும் முற்றிய இலையுமாக முரடாக இருந்தது. திபெத்து மலைவாசிகளுக்குப் போவதாம். அதை ஊற்றக் கூடாது, காய்ச்ச வேண்டும்; காய்ச்சி உப்பும் வெண்ணெயும் போட வேண்டும். வெண்ணெய் இல்லை. உப்புக்கு இங்கே என்ன குறை, புத்தளத்து உப்பு ஒரு சிட்டிகை போட்டோம். தேத்தண்ணியில் உப்பு என்றதும் முருகேசு கோப்பையைத் தொடவில்லை. நான் குடித்தேன். அது தேத்தண்ணியை விட எலும்புச் சூப்புக்கு நெருக்கமாக இருந்தது. கடல்வேலை முடிந்து குளிரில் வருபவனுக்கு நல்லது என்று எழுதினேன்.

கடைசியாகப் பூ விழுந்த கட்டி, அதுவும் அவருடைய மாகாணத்தது. சென் நிமிர்ந்து உட்கார்ந்தார். செம்மஞ்சள் நிறம், ஈச்சம்பழ மணம், அடியில் பேக்கரியில் வாங்கிய புதுப் பாணைப் பிய்த்ததுபோல ஒரு வாசம். மென்மையான தேயிலை. எந்த மஞ்சளைக் கண்டு கை ஒதுக்கப் போனதோ அதை நான் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

“எது நல்லமெண்டு கேக்கிறார்.”

பொய் சொல்ல மனம் வரவில்லை. “பாக்கு மணந்தது.”

சென்னின் முகம் விழுந்துவிட்டது. “அது வேற மாகாணத்துத் தேயிலையாம் சேர்” என்று முருகேசு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்.

அப்போதுதான் வெளியே லொறி வந்து நின்றது. சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகும் சென் ஹனீபாவிடம்தான் மீன் வாங்குகிறார் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அதிகாலையில் தானே துறைக்குப் போய், ஐஸ் போடுவதைப் பார்த்துவிட்டு வருவாராம்.

ஹனீபா வாசலில் என்னைக் கண்டதும் நின்றார். உள்ளே வரவும் இல்லை, திரும்பவும் இல்லை. என்னைப் பார்க்காமல் முருகேசுவிடம் சொன்னார்:

“அவருக்குச் சொல்லு, மீன் வந்திரிக்கி. ஐஸ் போட்டிரிக்கன். வேணுமெண்டா வந்து பாக்கச் சொல்லு.”

“அவர்” என்றது சென்னை அல்ல.

எழுந்து போனேன். ஐஸ் பெட்டி மூடியைத் திறந்து, கையை மணிக்கட்டு வரை ஐஸுக்குள் விட்டேன். அடி வரைக்கும் ஐஸ். மீனைத் தூக்கவே முடியாதபடி விரல் மரத்துப் போகும் வரை வைத்திருந்தேன். அவசரப்பட்டு எடுத்தால் உறவுக்காகச் சும்மா பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

“நல்ல மீன்” என்றேன். “ஐஸும் சரி.”

ஹனீபா தலையாட்டினார். மூடியை மூடி, கயிற்றை இறுக்கினார். இறுக்கி முடித்த பிறகும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். சென் உள்ளேயிருந்து இன்னொரு கோப்பையைக் கொண்டுவந்து, விலைத் துண்டை நகத்தால் சுரண்டிவிட்டு, பாக்கு மணக்கும் தேயிலையை ஊற்றி அவரிடம் நீட்டினார். மறுக்க வழியில்லாமல் வாங்கிக்கொண்டார். ஒரு மிடறு குடித்ததும் முகம் கோணியது.

“யா அல்லாஹ், என்ன மச்சான் இது? நனைஞ்ச சாக்கு மாதிரி.”

மச்சான் என்று அவர் சொல்லி எத்தனையோ வாரம் ஆகியிருந்தது. சொன்னது அவருக்கே தெரியவில்லை.

“முதல் கோப்பை அப்பிடித்தான் இரிக்கும்” என்றேன். “இரிங்க, அடுத்ததையும் பாப்பம்.”

சென் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். ஹனீபா உள்ளே வந்து, லொறிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.